நீரறிந்து பலகை கொள்க

ஓசூர் கடல் காணாத ஊர். கருநாடக எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஆலைகளும் தொழிற்கூடங்களும் நிறைந்து விளங்கும் மேட்டு நிலம் அது. ஆயினும் அங்குப் பணிபுரியும் இளைஞர் பலர் விடுமுறை நாள்களில் கிழக்குக் கடற்கரையை நாடிச் செல்கின்றனர். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகையேறி அலைமீது விளையாடும் கலை அவர்தம் உள்ளத்தைக் கவர்ந்துள்ளது. அணையிலும் ஆற்றிலும் கடலிலும் பல்லாண்டு பலகை செலுத்திப் பழகியவன் என்பதால், அவர்களுள் ஒருவர் அண்மையில் என்னை நாடி வந்தார். "ஐயா, நின்றுகொண்டு துடுப்பு வலிக்கும் பலகை ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். எல்லாவற்றிலும் சிறந்த பலகை எது?" என்று வினவினார். "எந்த நீரில் செலுத்துவதற்கு?" என்று கேட்டேன். "எந்த நீராயின் என்ன? நல்ல பலகை எங்கும் நல்லதுதானே!" என்றார்.

"தம்பி, நீ கடைசற் பொறியில் வேலை செய்பவன். எஃகைக் கடைவதற்குத் தீட்டிய உளியைக் கொண்டே பித்தளையையும் கடைவாயோ?" என்றேன். "அஃது எப்படி முடியும்? எஃகுக்கு ஏற்ற சாய்வுடன் தீட்டிய உளி பித்தளையில் பட்டால் திடுமெனக் கடித்து உள்ளே இறங்கிவிடுமே!" என்றார் அவர். சொல்லி முடிக்கும் முன்னரே அவர் முகத்தில் முறுவல் அரும்பிற்று. உலோகம் அறிந்து உளி கொள்பவருக்கு, நீர் அறிந்து பலகை கொள்ள வேண்டும் என்பதை விளக்க நெடுநேரம் வேண்டுவதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உளி தவறினால் ஒரு துண்டு உலோகம் வீணாகும். பலகை தவறினால் உயிருக்கே ஊறு நேரக்கூடும். ஆதலின் அன்று அவரிடம் கூறியவற்றை இங்குச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

நின்று துடுப்பிடும் பலகை, ஓர் ஆளின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை நீளமுள்ள மிதவையாகும். உள்ளே நுரைப்பொருளும் வெளியே கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு அதனைச் செய்வர். காற்றடைத்துப் பயன்படுத்தும் வகையும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் வைக்கிக்கி என்னும் கடற்கரையில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலைச்சறுக்குக் கற்பித்தவர் சிலர், தம் மாணாக்கரை உயரத்திலிருந்து கண்காணிக்கும் பொருட்டுப் பலகைமேல் நின்று துடுப்பு வலித்தனர். 2000ஆம் ஆண்டிற்குப் பின் லேர்டு ஹாமில்டன் முதலிய வீரர்கள் அவ்வழக்கத்தைத் தனிக் கலையாக வளர்த்தனர். அஃது உலகெங்கும் பரவிற்று.

புதிய கலை என்று இதனைக் கூறினும், தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. சோழமண்டலக் கரையில் நம் மீனவர் தொன்றுதொட்டுச் செலுத்திவந்த கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். எடை குறைந்த மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் நின்றும் மண்டியிட்டும் துடுப்பு வலித்து, கரையில் மோதும் பேரலைகளைப் பிளந்து அவர்கள் கடலுட் சென்றனர். அலை மேலே விழுந்தாலும் நீர் கட்டைகளின் இடைவெளி வழியே வழிந்தோடிவிடும், இறைக்க வேண்டுவதில்லை. அணியம் எனப்படும் முன்முனை மேல்நோக்கி வளைந்திருத்தலால் அலையினுள் புதையாமல் ஏறிச் செல்லும். கரை திரும்பியபின் கட்டுகளை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவர். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் இம்மிதவையைப் பற்றி எழுதியுள்ளார். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே உருத்திரிந்து ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் இடம்பெற்றது.

கட்டுமரத்திலும் ஒரே அளவு எங்கும் வழங்கவில்லை என்பது கருதத்தக்கது. கரையோரம் வலைவீசுவோர் சில கட்டைகளால் ஆன சிறிய மரத்தைக் கொண்டனர். கோலா என்னும் பறக்கும் மீனை நாடி நெடுந்தொலைவு செல்வோர், கட்டைகள் மிகுந்த பெரிய கோலாமரத்தைக் கட்டினர். புணை, தெப்பம், மிதவை, பரிசல், அம்பி, ஓடம், தோணி, வங்கம், நாவாய் என்று நம் மொழியில் நீர் ஊர்திகளுக்கு இத்தனை பெயர்கள் வழங்குவதும், நீர்தோறும் ஊர்தி வேறுபடும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருத்தலை நீங்கள் அறிவீர்கள். அரசர்க்குக் கூறிய அம்மூன்று அறிவும் பலகையேறுவார்க்கும் வேண்டும். இம்முறையில் முதற்கண் வலியையும், அடுத்து இடத்தையும், இறுதியிற் காலத்தையும் நோக்குவோம்.

வலியறிதலாவது தன் எடையையும் தன் பயிற்சியையும் அறிதல். ஒரு லிட்டர் நீரை விலக்கும் பொருளை நீர் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அளவிற்குத் தாங்கும். ஆர்க்கிமிடீசு கண்ட இவ்வுண்மையே பலகைத் தேர்வின் அடிப்படை. பலகையின் கொள்ளளவை லிட்டர் கணக்கில் அதன்மேல் குறித்திருப்பர். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரையும் பலகையையும் மூழ்காமல் தாங்க 70 லிட்டர் போதும் எனக் கணக்குக் கூறலாம். ஆனால் அத்தகைய பலகை நீர்மட்டத்தை ஒட்டியே நின்று தள்ளாடும். ஆதலின் புதிதாய்ப் பயில்வோர் தம் எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கொள்ளளவுள்ள பலகையைக் கொள்வது நன்று. 60 கிலோகிராம் எடையுடையார்க்கு 120 லிட்டர் என்க. அகலம் 32 அங்குலத்திற்குக் குறையாதிருப்பின் கால் ஊன்றி நிற்றல் எளிது. பயிற்சி முதிர முதிரக் கொள்ளளவையும் அகலத்தையும் குறைத்துக்கொள்ளலாம். வல்லவர் ஒருவர் செலுத்தும் குறுகிய பலகையைக் கண்டு அதனையே முதலில் விரும்புதல், நடை பயிலும் குழந்தை ஓடப் புறப்படுவதை ஒக்கும்.

அடுத்தது இடனறிதல். எங்கள் பகுதியின் தென்பெண்ணையாற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, பின்னர் 1957இல் காமராசர் திறந்துவைத்த கிருட்டிணகிரி அணையை அடைந்து, சாத்தனூர் வழியே சென்று கடலூருக்கு அருகில் கடலிற் கலக்கின்றது அவ்வாறு. அணையில் அடங்கிக் கிடப்பதும் கடல்வாயில் அலையோடு மல்லாடுவதும் ஒரே நீர்தான். ஆனால் இரண்டையும் ஒரே பலகையாற் கடத்தல் இயலாது.

அணையும் ஏரியும் போன்ற அடங்கிய நீருக்கு நீண்ட பலகை ஏற்றது. 12 அடி முதல் 14 அடி வரை நீளமும், கூரிய அணியமும், குறுகிய உடலும் உடைய பலகை, நீரைக் கத்தியைப்போல் பிளந்து நேரே செல்லும். அடிப்புறத்தில் மீனின் துடுப்பைப்போல் பொருத்தப்படும் சிறகு ஒன்றே பெரிதாக இருப்பின், பக்கவாட்டில் விலகாது நெடுந்தொலைவு போகலாம். துடுப்பின் நீளம் ஆளின் உயரத்திற்கு மேல் ஒரு சாண் இருத்தல் தகும். ஆனால் அணைக்கு உரிய பலகையைத் தேர்ந்தபின், அணையே தக்கதா என்பதையும் தேர வேண்டும். கழிவுநீர் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை மலையாய்ப் பொங்கியதைச் செய்தித்தாள்களில் பன்முறை படித்திருக்கின்றோம். அத்தகைய நீரில் எப்பலகையும் நற்பலகை ஆகாது. நீர்த்தேக்கங்களில் இறங்குவதற்கு முன் உரியவரிடம் இசைவு பெறுதலும் கடமையாகும்.

இனி, ஓடும் ஆற்றை நோக்குவோம். கிருட்டிணகிரி மாவட்டத்து மலைகளினூடே பாயும் சின்னாறு, ஒகேனக்கல்லில் காவிரியோடு கூடுகின்றது. அங்குப் பரிசல் ஓட்டுவாரைக் கண்டவர் ஓர் உண்மையை உணர்வர். மூங்கிலைப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் தாரிட்ட படுதாவும் போர்த்திய அப்பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அது வட்டமானது. கூரிய படகு பாறையிடுக்கில் சிக்கிக்கொள்ளும் இடத்தில், பரிசல் பாறையை உரசிச் சுழன்று நழுவிவிடும். முழங்காலளவு நீரிலும் அது மிதக்கும். கரையேறியபின் ஒருவரே தலைமேற் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். அதே பரிசலைக் கடலில் விட்டால் அலை அதனைப் பந்தாடிவிடும். பரிசலின் குறையன்று அது. இடத்தின் மாறுபாடே ஆகும்.

ஆற்றுக்குரிய பலகையும் பரிசலின் இயல்பையே ஒத்திருத்தல் வேண்டும். அகலம் 34 அங்குலம் முதல் 36 அங்குலம் வரையில், அடி தட்டையாக, எளிதில் திரும்பத்தக்கதாக அஃது இருத்தல் நன்று. ஆற்றிற்குக் காற்றடைத்த பலகையே பெரிதும் சிறந்தது. கண்ணாடியிழைப் பலகை பாறையில் மோதின் விண்டுபோகும்; காற்றுப் பலகையோ மோதி மீளும். அடிச்சிறகு குட்டையாகவும் வளையத்தக்கதாகவும் இருக்க வேண்டும். நெடிய சிறகு ஆற்றடிக் கல்லில் இடறினால் பலகை சட்டென நிற்கும். மேலே நிற்பவரோ முன்னே வீழ்வார். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அங்கு இன்றியமையாதன.

மூன்றாவது இடம், அலை உடையும் கடற்கரை. ஆழ்கடலில் உருளும் அலை கரையை நெருங்கும்போது அடிநிலத்தால் தடையுறுகின்றது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைந்து விழும். கடலடி மெல்லச் சரிந்திருப்பின் அலை நுரைத்து வழியும். செங்குத்தாகச் சரிந்திருப்பின் வளைந்து இடியென விழும். முன்னது பயில்வார்க்கு உரியது. பின்னது வல்லார்க்கு உரியது.

முழங்கால் முதல் இடுப்பு வரை உயர்ந்து மெல்ல வழியும் அலைக்கு, 10 அடியளவு நீளமும், உருண்ட அணியமும், 30 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமும் உடைய பலகை நன்று. அது சிறிய அலையையும் எளிதிற் பற்றிக்கொள்ளும். மார்பளவு உயர்ந்து செங்குத்தாக எழும் அலைக்கு அப்பலகை ஏலாது. அதன் நீண்ட மூக்கு அலையின் சரிவிற் குத்திப் புதையும். அங்கு 8 அடி முதல் 9 அடி வரை நீளமும், மேல்நோக்கி நன்கு வளைந்த அணியமும், மூன்று சிறுசிறகுகளும் உடைய பலகை வேண்டும். அது நின்ற நீரில் தள்ளாடும். ஆயினும் அலையேறியபின் நினைத்தவாறு திரும்பும். காற்றால் கலங்கிக் குழம்பிய கடலாயின், நீளம் குறைந்தாலும் அகலத்தையும் கொள்ளளவையும் குறைத்தல் கூடாது. துடுப்பும் இங்குச் சற்றுக் குட்டையாக, உயரத்திற்கு மேல் நாலைந்து அங்குலமே இருத்தல் போதும். அணைக்குரிய 14 அடிப் பலகையை அலைமுன் கொண்டு நிறுத்துவது, தேரைக் கடலில் ஓட்ட முயல்வது போன்றதே.

சென்னையின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஐரோப்பியரின் உறுதியான படகுகள் கரையலையில் மோதிச் சிதைந்தன. ஆனால் ஆணி ஒன்றும் இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகு, அலை மோதுந்தோறும் நெகிழ்ந்து கொடுத்து, ஆள்களையும் சரக்கையும் கரை சேர்த்தது. அப்படகும் செல்லலாகாத கொந்தளிப்பில், கட்டுமரக்காரர் தலையில் அணிந்த குல்லாயுள் கடிதங்களை நனையாமல் வைத்து, கப்பலுக்குக் கொண்டு சென்றனர். கப்பலும் படகும் கட்டுமரமும் தத்தமக்குரிய நீரிலே சிறந்தன. ஒன்றனைவிட ஒன்று எங்கும் உயர்ந்தது என்பதற்கு இடமில்லை.

இவ்விடத்தில், எல்லாவற்றிலும் இன்றியமையாத ஒன்றைக் கூற வேண்டும். பலகையோடு ஆளைப் பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு. விலையிற் சிறிது, பலர் அதனைக் கருதுவதும் இல்லை. கடலில் அதனைக் கணுக்காலிற் கட்டுவர். வீழ்ந்தவரைவிட்டுப் பலகை அகலாமல் அக்கயிறு காக்கும். நீந்திக் களைத்தவருக்குப் பலகையே தெப்பம். தனியே அலையில் அடித்துச் செல்லப்படும் பலகை கரையிலுள்ளாரைத் தாக்காமற் காப்பதும் அக்கயிறே. ஆகவே அலைகடலில் அதனைக் கட்டாமல் இறங்குவது பேதைமை.

ஆனால் அதே கயிற்றைக் கணுக்காலிற் கட்டிக்கொண்டு ஓடும் ஆற்றில் இறங்கினால் என்னாகும்? வீழ்ந்தவர் பாறைக்கு ஒருபுறமும் பலகை மறுபுறமும் செல்ல, கயிறு பாறையில் அல்லது மரவேரில் மாட்டிக்கொள்ளும். வெள்ளத்தின் விசை அவரை நீருக்குள்ளேயே அழுத்தி வைக்கும். கணுக்காலை எட்டிக் கட்டை அவிழ்க்கும் வலிமை, பாயும் நீரை எதிர்த்து எவர்க்கும் இராது. ஆதலின் ஆற்றில் கயிற்றைக் காலிற் கட்டவே கூடாது. ஓர் இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புக் கச்சையிலேயே அதனைப் பிணைத்தல் வேண்டும். ஒரே கயிறு, ஒரே முடிச்சு, ஒரே கால். கடலில் அஃது உயிர் காக்கின்றது; ஆற்றில் உயிர் கவர்கின்றது. நல்ல பலகை எங்கும் நல்லதுதானே என்று வினவுவார்க்கு இதனினும் தெளிவான விடை வேறு வேண்டுமோ?

இறுதியாக, காலமறிதல். நேற்று அடங்கியிருந்த நீர் இன்று சீறும். காவிரி தமிழகத்தில் நுழையும் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை நாள்தோறும் அளக்கின்றனர். அவ்வளவு உயரும்போது ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத்தைத் தடை செய்கின்றனர். தலைமுறை தலைமுறையாகப் பரிசல் ஓட்டியவரும் அந்நாளில் துடுப்பைக் கீழே வைத்துவிடுகின்றனர். கடலிலோ காற்றே காலத்தை உணர்த்தும். தென்மேற்குப் பருவத்தின் காலை வேளையில் நிலத்திலிருந்து வீசும் மேலைக்காற்று அலையின் முகத்தை மழமழவென்று சீர்செய்யும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து அதனைக் கலைக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். நிலத்துக் காற்றைக் கண்டும் ஏமாறலாகாது. கரையில் நிற்பார்க்கு அது கடலை அமைதியாகக் காட்டும். பலகைமேல் நிமிர்ந்து நிற்பார்க்கோ அவர்தம் உடலையே பாயாக்கிக் கடலுள் இழுத்துச் செல்லும். அந்நிலையில் நிற்பதை விடுத்து, மண்டியிட்டோ படுத்தோ கரைநோக்கி வலித்தலே தக்கது.

இவற்றையெல்லாம் விற்பனையாளரின் விலைப்பட்டியலிற் காண இயலாது. நீரோடு பழகியவரிடமே கேட்டறிய வேண்டும். கோவளத்தில் மீனவர் குடியிற் பிறந்த மூர்த்தி மேகவன், 2012ஆம் ஆண்டு முதல் ஊர் இளைஞரோடு அலைச்சறுக்குப் பள்ளியொன்றை நடத்தலானார். நின்று துடுப்பிடும் கலையில் தமிழகத்தின் சேகர் பச்சை தேசியப் போட்டிகளில் வாகை சூடியுள்ளார். 2025 ஆகத்துத் திங்களில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் மேலும் குறைந்து கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. ஆயினும் கட்டுமரக்காரர் கண்ட அலையறிவு அழிந்துபடவில்லை. அலைகள் கூட்டங்கூட்டமாக வரும் என்பதையும், இரு கூட்டங்களுக்கு இடையே சிறிது ஓய்வு உண்டு என்பதையும், அவ்வோய்விலேயே புறப்பட வேண்டும் என்பதையும் அவர்தம் மக்களும் பெயரரும் இன்று பலகை பயில வருவார்க்குக் கற்பிக்கின்றனர்.

மாணவர்களே, உங்களுள் சிலர் என்றேனும் பலகையேறக்கூடும். பலர் ஏறாமலும் இருக்கலாம். எந்தத் தொழிலை மேற்கொண்டாலும், "சிறந்தது எது?" என்று கேட்பதற்கு முன், "எதற்கு, எங்கே, எப்போது, யாருக்கு?" என்று கேட்கப் பழகுங்கள். நீர்க்கரையில் நிற்கும்போது மேலும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். கையிலுள்ள பலகைக்கும் கண்முன் உள்ள நீருக்கும் பொருத்தமில்லை எனத் தெரிந்தால், பலகையைத் தோளில் ஏற்றி வீடு திரும்புவதும் ஒரு தேர்வே. பரிசற்காரர் துடுப்பைக் கீழே வைக்கும் நாளில் அவர் திறமை குறைந்துவிடுவதில்லை.